சனிக்கிழமை ராத்திரி நீங்கள் தூங்குங்கள்

கேள்வி:

எனக்கு 34 வயது. திருப்பூரில் இருக்கிறோம். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சின்னவனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். மூன்றரை வயதில் சொன்னார்கள். இன்னும் நாலைந்து வார்த்தைதான் பேசுவான். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து தெரபிக்குக் கூட்டிப் போகிறேன். வீட்டிலும் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். பாதி நாள் முடிவதில்லை. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்துவிடுவான். கதவைத் தட்டுவான், குதிப்பான், தானாகச் சிரிப்பான். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு ராத்திரி தாங்க முடியாமல் அவன் முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் முழித்துத்தான் இருந்திருக்கிறாள். காலையில், “அம்மா, இனிமே நான் தம்பிகூடப் படுத்துக்கறேன்” என்றாள்.

மாசமாக இருந்தபோது நான் செல்போனே கதியாகக் கிடந்ததால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தினமும் ஒன்றரை ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமைகூட ஏதாவது வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுகிறார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாரோ சொல்ல, நகையை அடகு வைத்துப் போடலாம் என்கிறார்.

இப்போதெல்லாம் அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சோறு ருசிக்கவில்லை. நானும் அவனும் ஒருநாள் எழுந்திருக்காமலே போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. மகள் பிறந்த பிறகும் ஓவர்லாக் டெய்லராக வேலைக்குப் போனவள் நான். மறுபடியும் போக ஆசையாக இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு அதை நினைப்பதே தப்பா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலைக்குப் போக ஆசைப்படுவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். உங்கள் கடிதத்தில் அதற்கு முன்னால் இருக்கும் வரியைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். நானும் அவனும் எழுந்திருக்காமலே போய்விட்டால் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எழுதியதற்கு நன்றி.

தூக்கம் போய், ருசி போய், சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு மனச்சோர்வு என்று பெயர். மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு. குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராததுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. வெறும் அசதியாக இருந்தால் தலை சாய்த்ததும் தூங்கியிருப்பீர்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன்பே, இன்றைக்கே பேச வேண்டும்போல இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. 2022 முதல் நடக்கிறது. தமிழில் பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. வீட்டில் பூச்சி மருந்தோ, மிச்சம் மீதி மாத்திரைகளோ இருந்தால் கணவரிடம் சொல்லி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்த நினைப்பு, எப்படிச் செய்வது என்ற யோசனையாக மாறுவதுபோலத் தெரிந்தால், ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காமல் அவரையோ பக்கத்து வீட்டாரையோ கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் காலம் பூராவும் சாப்பிட வேண்டியிருக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். பெரும்பாலானோருக்குச் சில மாதங்கள்தான். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களைப் போன்ற தாய் தகப்பனுக்கு, நோய் என்று சொல்ல முடியாத ஒரு துக்கமும் உண்டு. 1962-இல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் அதற்கு ‘தீராத துயரம்’ என்று பெயர் வைத்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெற்றவர்களோடு வேலை செய்தவர் அவர். பெற்றோர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, மனம் தேறவில்லை என்று அவர்களையே குற்றம் சொல்லும் வழக்கம் அப்போது இருந்தது. இந்தத் துக்கம் இயல்பானது, குழந்தை வளர வளரத் திரும்பத் திரும்ப வரும் என்று அவர் எழுதினார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, எதிர் வீட்டுப் பையன் புதுப் பையை மாட்டிக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குக் கிளம்புவதைப் பார்த்து உங்களுக்குத் தொண்டை அடைக்கிறதல்லவா, அதுதான். அது அடுத்த வருஷமும் வரும். வந்தால் அழுங்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் சாயங்காலம் மகள் சொல்லும் கதைக்குச் சிரிக்க முடியும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. அதற்குத்தான் வைத்தியம் வேண்டும் என்கிறேன்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். செல்போனால் ஆட்டிசம் வராது. கர்ப்பத்தில் நீங்கள் பார்த்ததோ சாப்பிட்டதோ அழுததோ காரணமில்லை. தடுப்பூசியும் இல்லை. மூளை உருவாகும் விதத்திலேயே வரும் வேறுபாடு இது. இதில் மரபணுக்களுக்குத்தான் பெரும்பங்கு. அம்மாவின் மேல் பழி போடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1943-இல் ஆட்டிசத்தை முதலில் விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனரே பெற்றோரின் பாசமின்மையைப் பற்றிப் பேசினார். புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியல் எழுத்தாளர் அதைப் பெரிதாக வளர்த்து, ஃபிரிட்ஜ் மாதிரி சில்லிட்ட அம்மாக்களால்தான் குழந்தைகள் இப்படி ஆகின்றன என்று பரப்பினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதை நம்பித் தங்களையே வெறுத்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் ஆதாரத்தோடு அதை மறுத்து எழுதினார். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். படித்த மேதைகளே தவறிய இடத்தில் உங்கள் மாமியாரும் தவறியிருக்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் வாயாடுவதாக இருக்கும். டாக்டர் வாயால் வந்தால் கேட்பார். பேரன் மேல் பாசம் இல்லாமல் அவர் அப்படிப் பேசவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. காரணம் தெரியாத பயத்தில் பேசுகிறார். அதற்காக நீங்கள் பழியைச் சுமக்க வேண்டியதில்லை.

இனி ராத்திரி. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாச் சிக்கலும் இங்கேதான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நிறையப் பேருக்குத் தூக்கத்தில் கோளாறு உண்டு. ஆனால் ஆட்டிசம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. மலச்சிக்கலா, சொத்தைப் பல்லா, பூச்சியா, மூக்கடைத்துக் குறட்டை விடுகிறானா, இரும்புச் சத்துக் குறைவா, ராத்திரியில் வலிப்பு வருகிறதா என்று குழந்தைகள் மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு உதவி செய்யுங்கள். மகளின் பழைய நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழுந்தான், எவ்வளவு நேரம் முழித்திருந்தான், பகலில் தெரபி பஸ்ஸில் தூங்கினானா, வெளிக்குப் போனானா. வாயால் சொல்வதைவிட இந்த நோட்டு மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவும். மெலட்டோனின் மாதிரி தூக்க மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்வார். தூங்க வைக்க இருமல் மருந்து கொடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வைத்தியம் பலிக்க நாளாகும். அதுவரை உங்கள் தூக்கத்துக்கு வழி? வாரத்தில் ஒரு ராத்திரி உங்களுடையதாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரியைச் சொல்கிறேன். கணவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வருவார், மறுநாள் காலையில் ஷிஃப்ட் கிடையாது. அன்றைக்குச் சின்னவன் அப்பாவோடு படுக்கட்டும். நீங்கள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு படுங்கள். வீட்டில் ஒரே அறைதான் என்றால் உங்கள் அம்மா வீட்டுக்கோ, மாடி வீட்டு அக்காவிடமோ போய்ப் படுத்து எழுந்து வாருங்கள். அவன் கத்துவான். அவருக்குச் சமாளிக்கத் தெரியாது. முதல் வாரம் கதவைத் திறந்து ஓடி வர உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வராதீர்கள். அவன் என்ன சத்தத்துக்கு அடங்குவான், எந்தப் போர்வையைக் கேட்பான், எப்போது தண்ணீர் கேட்டுக் கையைப் பிடித்து இழுப்பான் என்பதையெல்லாம் நீங்கள் ஏழு வருஷமாக ராத்திரி ராத்திரியாகத் தூக்கம் கெட்டுக் கற்றீர்கள். அவருக்கும் அந்த ராத்திரிகள் வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையைத் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வரும் அப்பாக்களில் பலர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செலவு எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் கேட்பார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். பணத்தைத் தவிர வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாதவரின் கேள்வி அது என்று புரிய வருஷங்கள் ஆயின. ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர் ஓடி ஒளிகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டை விட்டுக் கிளம்புவது வேறு. அவரிடம், “நீங்க ஒண்ணும் செய்யறதில்லை” என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். “சனிக்கிழமை ராத்திரி உங்களுது, ஞாயித்துக்கிழமை அவனைக் குளிக்க வைக்கறது உங்களுது” என்று இரண்டு வேலையைக் குறிப்பாகச் சொல்லுங்கள். கட்டிங் மாஸ்டருக்கு அளவு சொன்னால் புரியும். அந்த வரியையும், சாவைப் பற்றிய வரியைத்தான் சொல்கிறேன், அவர் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்ல நா எழாவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தினமும் இரண்டு மணி நேரப் பயிற்சி என்றீர்கள். இதில் என் தொழில்காரர்கள் சார்பில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் பக்கம் பக்கமாக வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுப்பேன். ஒரு அம்மா மறு வாரம் அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் தன் நாளை எழுதியிருந்தார். நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி, பதினொன்றே முக்காலுக்குப் பாத்திரம் கழுவி முடிப்பதுவரை. கீழே ஒரே ஒரு வரி: இதில் எந்த இடத்தில் செய்யட்டும், நீங்களே குறித்துக் கொடுங்கள். என்னால் குறிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்காமல் நான் எந்தத் தாய்க்கும் பயிற்சி எழுதிக் கொடுத்ததில்லை.

நீங்களும் உங்கள் தெரபிஸ்ட்டிடம் அதைக் கேளுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கென்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது, அவ்வளவுதான். சாப்பாடு, குளியல், விளையாட்டு, துணி மடிப்பது என்று அன்றாடம் நடப்பதிலேயே கற்றுக்கொடுப்பதுதான் அதன் வழி. பெற்றோர் தங்களைக் கவனித்துக்கொள்வதும் அதில் பாடமாகவே இருக்கிறது. குளிக்கும்போது ஒவ்வொரு செம்புக்கும் “ஊத்தட்டுமா?” என்று கேட்டு அவன் கண்ணைப் பார்த்துக் காத்திருந்தால் அது ஸ்பீச் தெரபிதான். தட்டை எடுத்து வைக்கச் சொல்லி, அவன் வைக்கும்வரை பொறுத்தால் அதுவும் பயிற்சிதான். பத்து நிமிஷம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. மேஜையில் உட்கார வைத்து இரண்டு பேரும் அழும் இரண்டு மணி நேரத்தைவிட இது நல்லது. முடியாத நாளில் விட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டால் அவன் பின்னால் போய்விட மாட்டான்.

நீங்கள் அடித்ததைப் பற்றி. அடித்தது தப்புதான். அது உங்களுக்கும் தெரிந்திருப்பதால் அதைச் சொல்லி இன்னொரு முறை உங்களைக் குத்த விரும்பவில்லை. அடி அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. எதற்காக அடிபட்டோம் என்றே அவனுக்கு விளங்காது. மறுபடி அந்த இடத்துக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கோபம் தலைக்கு ஏறும் முன் உடம்பு சொல்லும். பல் கடிக்கும், காது சூடாகும், பெயரைக் கூப்பிடும் குரல் மாறும். அது தெரிந்ததும் அவனைப் பாயில் உட்கார வைத்து, வாசல் கதவைத் தாழிட்டு, அடுப்பும் கத்தியும் எட்டாத இடத்தில் விட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் அவனைப் பார்த்தபடியே தள்ளி நில்லுங்கள். அவன் குதிக்கட்டும். குதித்தால் கீழ் வீட்டுக்குச் சத்தம்தான் கேட்கும், வேறொன்றும் ஆகாது. கீழ் வீட்டுக்காரரிடம் பகலில் ஒரு முறை போய், பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை அது வெறும் சத்தம். தெரிந்த பிறகும் சண்டைக்கு வருபவர்கள் குறைவு.

மகள்! “நான் தம்பிகூடப் படுத்துக்கறேன்” என்றாளே, அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். பத்து வயதுப் பிள்ளை உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவளிடம், “அன்னைக்கு அம்மா தம்பியை அடிச்சது தப்பு, எனக்குத் தூக்கமில்லாமப் போச்சு, அப்பாவும் நானும் இதைப் பார்த்துக்கறோம், நீ தூங்கணும்” என்று சொல்லுங்கள். வாரத்தில் அரை மணி நேரமாவது தம்பி இல்லாமல் அவளோடு மட்டும் கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள். லீவுக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போகிறேன் என்றால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று தடுத்து நிறுத்தாதீர்கள்.

ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. அதை விளம்பரம் செய்வதே தொழில் ஒழுங்கு மீறல் என்றும் சொன்னது. கணவரிடம் இதைக் காட்டுங்கள். மகனைக் குணமாக்கிவிட வேண்டும் என்ற தவிப்பில் உள்ள அப்பாக்களைத்தான் இந்த வியாபாரம் குறி வைக்கிறது. வட்டி கட்டும் வீட்டில் உங்கள் தூக்கம் இன்னும் கெடும்.

நமக்குப் பிறகு யார் என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை. ஆனால் “நானும் அவனும்” என்று சேர்த்து நினைப்பதற்கு அடியில் அதுதான் இருக்கிறது. நாம் இல்லாவிட்டால் அவனை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். அதற்கு நாட்டில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு உங்கள் மகன் தகுதி பெறுவானா என்று கேளுங்கள். நிராமயா காப்பீட்டைப் பற்றியும் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அவனுக்குப் பதினெட்டு வயது ஆன பிறகு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான குழு அதைச் செய்யும். அதற்குப் பதினொரு வருஷம் இருக்கிறது. இன்றைக்கு அந்த வேலையை மனதில் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

இப்போது ஓவர்லாக் மிஷின். தாய் நன்றாக இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கும், அதனால் உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் தூக்கம், சாப்பாடு, ஆசை எல்லாமே அவனுக்கான மருந்தாகத்தான் கணக்காகும். அவன் இல்லாவிட்டாலும் நீங்கள் தூங்க வேண்டியவர்தான், சாப்பிட வேண்டியவர்தான், கைத்தொழில் தெரிந்து சம்பாதித்த பெண்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்து, சக தொழிலாளிகளோடு பேசிக்கொண்டு, பதினொரு மணி டீயைக் குடித்த அந்த நாட்கள் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. அதனால் அவனுக்கு நன்மை என்று நிரூபித்துத்தான் அதைக் கேட்க வேண்டும் என்பதில்லை.

வழியைத்தான் யோசிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் நடக்கிறதா, உங்கள் மகனைச் சேர்த்துக்கொள்வார்களா, எத்தனை மணி வரை என்று நேரில் போய்க் கேளுங்கள். அவன் அங்கே இருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி, பீஸ் ரேட்டில் பாதி நாள் வேலை கொடுக்கும் யூனிட் பக்கத்தில் இருக்கிறதா என்று பழைய தோழிகளிடம் விசாரியுங்கள். வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளேன் என்பார்கள். அது வேண்டாம். காசு வரும், ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தது போல் இருக்காது.

இதெல்லாம் மனச்சோர்வுக்கு வைத்தியம் ஆரம்பித்து, கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு. வேலையைத் தேடி ஓடுவதற்கு இந்த வாரம் உங்களிடம் தெம்பு இல்லை. தெம்பு வந்ததும் அதே தெரபி மையத்து பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்காரும் அம்மாவிடம், “உங்க பையன் ராத்திரி தூங்கறானா?” என்று கேட்டுப் பாருங்கள். தேசிய அளவில் இருக்கும் அமைப்புகள் சிலவும் அப்படிப் பெற்றோர் ஆரம்பித்தவைதான். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சென்னை வித்யாசாகர் அமைப்பை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜன் ஒரு மாற்றுத்திறன் பிள்ளையின் அம்மா. நீங்கள் அமைப்பு எதுவும் தொடங்க வேண்டாம். உங்கள் மகனைத் தெரிந்த, நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள் போதும். உங்கள் மகனை அவரும், அவர் பிள்ளையை நீங்களும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தால் இன்னும் நல்லது.

இந்த வாரம் மூன்றே வேலை. 14416-க்கு ஒரு போன். மருத்துவரிடம் ஒரு முறை. சனிக்கிழமை ராத்திரி தூக்கம். அடுத்த கடிதத்தில் அன்றைக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பையனைப் பற்றிய நோட்டு தனி. இது உங்களுடையது.